கொரியாவில் தூங்கும் பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரு கொரியாக்காரப் பையன் இருக்கிறான். வாடகை கிடையாது, சாப்பாட்டுச் செலவு கிடையாது. என் மனைவியின் கைப்பேசிக்குள் இருக்கிறான்.

பாட்டுக்காரன். ஆடவும் செய்வான். தலைமுடி ஒரு மாதம் வெள்ளையாக இருக்கும், அடுத்த மாதம் ஊதாவாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது, "யார் இந்தப் பொண்ணு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ரசத்தில் உப்பில்லை.

கீழ்மாடியில் குடியிருக்கும் காலேஜ் பெண்தான் அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்பியவள். லிஃப்ட் பழுதான ஒருநாள் என் மனைவி படியில் மூச்சுவாங்க உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பெண் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி அவள் காதில் வைத்து, "இதக் கேட்டுக்கிட்டே ஏறுங்க ஆன்ட்டி, முட்டி வலி தெரியாதுலா," என்றாளாம். மனைவி பதின்மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு நெடுநாளாகியிருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேலைக்குப் போன காலத்தில் அதை நினைக்க நேரமிருக்கவில்லை. நான் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தில், அவள் அதே கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில். காலையில் சேர்ந்து ஃபெரி ஏறுவோம், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். இரண்டு பேருக்கும் வேலை நின்ற பிறகு வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்ப்பாள். ஃபெரி போகும், வரும். நான் கூப்பிட்டால் அவள் திரும்ப வெகுநேரமாகும். இவள் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஜன்னலிலிருந்து அவளை எழுப்பியவன் இந்தப் பையன்தான். அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காலையில் கடல்மேல் பனி இன்னும் கலையாத நேரத்தில், அவள் சமையலறையில் அவன் பாட்டை முணுமுணுப்பது கேட்கும். ஒரு வார்த்தை அவளுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. அந்தப் பாட்டோடு இட்லி வேகும், துணி காயும், பொழுது மெல்ல வெளுக்கும். பாதித் தூக்கத்தில் படுத்தபடி கேட்டால், வேறு யாருடைய வீட்டிலோ சுகமாகப் படுத்திருக்கும் நினைப்பு வரும்.

அவளைப் போன்ற ரசிகைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கீழ்மாடிப் பெண்ணும் அவள் தோழிகளும் அவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். இவள் அவனுக்குச் சோறு போட ஆசைப்பட்டாள்.

"பாருங்க, கன்னம் ஒட்டிப்போச்சு. இந்த கம்பெனிக்காரனுங்க சாப்பாடு போடுறானுங்களா இல்லையா?"

"நீ போயி ஆக்கிப் போடு."

"கூப்பிட்டா போவேன்லா."

நான் இளைத்தபோது தொப்பை குறைந்தது நல்லதுதான் என்று சொன்னவள் இவள்.

ஒரு மதியம் நல்ல மழை. பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் கடலே காணாமல் போனது. நேரலையில் பேசிக்கொண்டிருந்த பையன் தலையணையில் சாய்ந்தான், அப்படியே தூங்கிவிட்டான். போனை அணைக்கவில்லை. எந்தெந்த ஊரிலோ எத்தனையோ பேர் அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். இங்கே என் மனைவி, சர்க்கரை டின்னில் சாய்த்துவைத்த போனுக்கு எதிரே, கன்னத்தில் கைவைத்தபடி.

நான் நாற்காலியை இழுத்தேன்.

"மெதுவா," என்றாள். "பிள்ள தூங்குது."

அதற்குப் பிறகு நான் செய்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாற்காலியைத் தூக்கிவைத்தேன். மழைச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினேன். காப்பி கலக்கும்போது கரண்டி தம்ளரில் படாமல் பார்த்துக்கொண்டேன். எங்கோ சியோலில் தூங்குகிறவன் எழுந்துவிடக் கூடாதென்று என் சொந்த வீட்டில் நான் பூனைநடை நடந்தேன். அறை மங்கிக் கிடந்தது. லேசாக மூச்சுச் சத்தம் கேட்டது, வெளியே மழை கேட்டது. எனக்கும் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது மழை விட்டிருந்தது, திரை கறுப்பாக இருந்தது.

"எந்திரிச்சிட்டானா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான்," என்றாள்.

போன மாதம் அவனுக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது. கீழ்மாடிப் பெண் கண்கள் வீங்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ஏமாத்திட்டான் அங்கிள். ஒரு வார்த்தகூட சொல்லலைலா. படத்தயெல்லாம் கிழிச்சுப் போடப் போறேன்," என்று விசும்பினாள்.  என் மனைவி எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

 சாயங்காலம்வரை அவள் அங்கேயே இருந்தாள். ஃபெரி போனது, வந்தது. ஆறுதலாக என்ன சொல்வதென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை. போயும் போயும் ஒரு பாட்டுக்காரனுக்காகவா என்று கேட்க என்னால் முடியாது. அவன் என்ன கொடுத்தான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, கடைக்குப் போய்ட்டு வாங்க. ரவை, நெய்யி, முந்திரி. நெய்யி நல்லதா பாத்து வாங்குங்க."

லிட்டில் இந்தியாவில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் முதலாளி, "என்னாண்ணே, வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். "சும்மாதான்," என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கேசரி மணம் மாடி முழுக்கப் பரவியது. மனைவி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கீழ்மாடிப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கிண்ணத்தை நீட்டினாள்.

"கல்யாணம் கட்டிக்கிட்டா பிள்ள இல்லன்னு ஆயிருமா? எவளா இருந்தா என்னா, வேளாவேளைக்கு அவனுக்கு ஆக்கிப் போட்டா சரி."

அந்தப் பெண் அழுதுகொண்டே சாப்பிட்டாள். இரண்டாவது கிண்ணமும் கேட்டாள்.

பிறகு மனைவி கேசரி டப்பாக்களை என் கையில் அடுக்கி அக்கம்பக்கத்தில் கொடுத்துவரச் சொன்னாள். கொடுத்துக்கொண்டே வந்தேன். யார் கேட்டாலும், "வீட்ல செஞ்சாங்க," என்று சொல்லி நகர்ந்தேன். கடைசியாக எதிர்வீட்டுச் சீனப் பாட்டியம்மா. எங்களுக்கு முன்பிருந்தே இந்த மாடியில் இருப்பவர். டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, எனக்குப் பின்னால் எங்கள் வாசலில் பட்டுப்புடவையோடு நின்றவளைப் பார்த்தார். யாருக்குக் கல்யாணம் என்று மலாயில் கேட்டார்.

ஒரு பாட்டுக்காரனுக்கு, என் மனைவிக்கு அவனைப் பிடிக்கும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அனாக் சாயா," என்றேன். என் பிள்ளைக்கு.

இத்தனை வயதில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மலாய் என்பதால்தான் வாயிலிருந்து வந்தது. தமிழில் என்றால் வந்திருக்காது.

பாட்டியம்மா என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.  இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் கல்யாணத்துக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் ஒரு சிவப்பு அங்பாவ் உறையைப் பிடித்திருந்தார்.

எனக்குக் கை நீளவில்லை. பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"வாங்கிக்குங்க. அப்பாதானே வாங்கணும்."