திட்டியவர் எந்த ஸ்டாப்பில் நின்றார்?

போன ஞாயிறு, அதியமான்கோட்டையில் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா மகள் செல்வி மட்டும் சாப்பிட உட்காரவில்லை.

“எவனோ போன்ல கண்டபடி எழுதிப்புட்டானாம். காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல” என்றாள் அக்கா.

செல்வி ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்து டவுன் பஸ் நேரம் சொல்லும் ஆப் ஒன்றைச் சொந்தமாகச் செய்திருக்கிறாள். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆப்பை யார் செய்தது என்று நாம் எங்கே பார்க்கிறோம்?

“கேளுங்க மாமா... ‘ஒரு மணி நேரம் வெயில்ல காய வெச்சியே, நீ சோறுதான் திங்கறியா?’ பேருகூட இல்ல, விவசாயின்னு போட்டிருக்கு. ஆப்பையே எடுத்துடப் போறேன்.”

எனக்குப் புரையேறியது. அதை எழுதியவன் நான்.

நாற்று வாங்க மாரண்டஹள்ளி போயிருந்தேன். ஆப் காட்டிய கடைவீதி ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வரவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம்... கூச்சம். பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்லவே நாக்கு எழாதவன் நான். படிப்பும் ஐந்தாவதுதான். ஆனால் போனில் திட்ட அது தாராளமாகப் போதுகிறது.

“எழுதுன கை வெளங்குமா?” என்றாள் அக்கா. அந்தக் கைக்குத்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எடுக்காத கண்ணு” என்றேன். “எந்த ஸ்டாப்பு, என்னிக்குன்னு கேட்டுப் பாரு.”

“இன்னும் திட்டுவான் மாமா.”

“திட்ட மாட்டான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“...வெயில்ல நின்னவன். கேட்டா சொல்லுவான்.”

கேட்டாள். கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்ப் பதில் எழுதினேன் — சந்தை நாளில் அந்த பஸ் கடைவீதிக்குள் வராதாம், வெளியிலேயே திரும்பிவிடுமாம். நான் காய்ந்துகொண்டு நின்ற அன்றைக்கு ஒரு பூக்கார அம்மா பாவம் பார்த்துச் சொன்னது.

“அட, இது எனக்குத் தெரியாதே” என்றாள் செல்வி. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலமே ஆப்பைத் திருத்திவிட்டாள்.

ஆப் செய்கிற பிள்ளைகளே, வெறும் அசிங்கம் எழுதுகிறவனை விட்டுத் தள்ளுங்கள். ஆனால் திட்டுக்குள் ஒரு வெயிலோ, ஒரு மணி நேரமோ இருந்தால், அங்கே நிஜமாகவே ஒருவன் நின்றிருக்கிறான். எங்கே நின்றான் என்று மட்டும் கேளுங்கள்.

செல்வியிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்... கண்ணு, அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டிவிடாதே.