முன்னால் போக ஒரே ஒரு கியர்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் நிறைய வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் எதையாவது விட்டுவிட்டுப் போனார்கள். ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போனது எங்கள் காஜா பெராங் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். சின்னப் பந்தயக் கார். எஞ்சின் வெடிப்பு விட்டிருந்ததால்தான் அது என் சித்தப்பாவின் கைக்கு எட்டியது.

சித்தப்பா டவுனில் ஒரு வொர்க்ஷாப்பில் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். துணி உலர்த்தும் இடம் போயிற்றே என்று அம்மாவுக்கு வருத்தம். அப்பாவுக்கு வருத்தமெல்லாம் இல்லை, கோபம்தான்.

"தீவாளிக்குள்ள இந்தக் காடி தானா ஓடி வாசக் கேட்டத் தாண்டணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருவேன்."

"தாண்டும்ணே," என்றார் சித்தப்பா.

எனக்கு அப்போது எட்டு வயது. யாரிடமும் அதிகம் பேசாத பெண். ஆனால் அந்தக் காரின் பக்கத்தில் போனால் மட்டும் எங்கிருந்தோ கேள்விகள் வந்துவிடும்.

பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் கவிழ்ந்துபோன ஒரு டாக்சியின் எஞ்சினைச் சித்தப்பா கொண்டுவந்தார். புது மாடல், அடி படாதது. ரம்புத்தான் மரக்கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி எஞ்சினைக் காருக்குள் இறக்குவார், முறைத்துப் பார்ப்பார், மறுபடி தூக்குவார். அடியில் எண்ணெய்த் தொட்டி இடித்தது. அதை வெட்டி ஒட்டினால் மேலே பானெட் நான்கு விரல் உயரத்துக்கு மூடாமல் நின்றது.

"அதுவும் எஞ்சின்தானே சித்தப்பா, இதுவும் எஞ்சின்தானே?"

"ஒந் தம்பி சட்டைய நீ போட்டா பொத்தான் மாட்டுமா?"

அம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும், பக்கத்துக் கம்போங் செட்டிக் கிராமத்து அக்காவும் அடிக்கடி வந்து பார்ப்பார். எங்களைப் போலவே நெற்றியில் திருநீறு பூசுவார், மாரியம்மன் கோயிலுக்குப் போவார். பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய் பேசியே பழகிவிட்ட செட்டிக் குடும்பம், அதனால் தமிழ் மட்டும் வராது. கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்திக்கொண்டு வாசலில் நின்று, "போலே ஜாலான் கா?" என்று மலாயில் கேட்பார். ஓடுமா என்று அர்த்தம். "போலே, போலே" என்று சொல்வதற்குள் சித்தப்பா கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். அந்த மாதம் அம்மா தைத்துக்கொண்டது இரண்டு ரவிக்கை. அக்கா அளவு பார்க்க வந்தது பதினைந்து தடவை இருக்கும்.

புது எஞ்சினின் பலத்தைப் பழைய பின் ஆக்சில் தாங்காது என்று டாக்சியின் ஆக்சிலையும் கழற்றி வந்தார். ஸ்பிரிங் உட்காரும் இடம் இந்தக் காருக்கு மேலே வேண்டியிருந்தது, டாக்சிக்காரனுடையதில் கீழே இருந்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்து, ஆக்சிலை அப்படியே குப்புறப் புரட்டி மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. வேலை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் காருக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். புது எஞ்சின் எப்படிப் பாயும் என்று தெரியாது, முன்னால் யாரும் நிற்கவேண்டாம் என்றார் சித்தப்பா. அதனால் எல்லோரும் பின்னால் நின்றோம்.

கார் பாய்ந்தது, எங்களைப் பார்த்து. அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். துணிக்கொடிக் கம்பைச் சாய்த்துவிட்டுக் கார் நின்றது. எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

சித்தப்பா இறங்கவில்லை. இரண்டாவது கியர் போட்டார். பின்னால் போயிற்று. மூன்றாவதும் அப்படியே. பிறகு இறங்கி, காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து வந்தார்.

"ஆக்சில குப்புற மாட்டிட்டேன்ல. அதான் சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்துது."

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?" என்றார் அப்பா, வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து.

"ரெண்டு நாளு."

"நாளைக்குத் தீவாளி. நான் இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்புறேன்."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு காரையே பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி அக்கா நின்றிருந்தார். எப்போதும் கேட்பதை அன்று கேட்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பேர் முன்னால் கேட்கக் கூச்சம். சித்தப்பாவின் சட்டையை இழுத்துக் காதில் கேட்டேன்.

"அப்ப ரிவர்ஸ் போட்டா எந்தப் பக்கம் போகும்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, சாய்ந்த கம்பைத் தள்ளச் சொல்லி, ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் ஒரு தடவை குலுங்கி, ஆடி ஆடி முன்னால் வந்தது. எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. எஞ்சின் போட்ட சத்தத்துக்கு அது சிங்கப்பூருக்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். கேட்டைத் தாண்டவே அவ்வளவு நேரம் எடுத்தது.

"தாண்டணும்னுதான் சொன்னேன்," என்றார் அப்பா. "தாண்டிருச்சு. போ."

மறுநாளிலிருந்து சாயங்காலம் தோறும் சவாரி. சின்னப் பெண்ணும் கூடப் போனால்தான் தன் மகளை அனுப்புவேன் என்று அக்காவின் அம்மா சொல்லிவிட்டாராம். அக்காவின் மடியில் நான் உட்கார்ந்துகொள்வேன். எனக்காகத்தான் கார் வெளியே போகிறது, அக்கா எனக்குத் துணைக்கு வருகிறார் என்று நம்பினேன். காஜா பெராங் ரோட்டில் நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். "லெம்பு லாகி லாஜு," மாடு இதைவிட வேகம் என்று மலாய்ப் பையன்கள் சைக்கிளில் கூடவே வந்து சொல்வார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"ரெண்டு நாள் வேலைன்னீங்களே சித்தப்பா, எப்பப் பண்ணுவீங்க?"

"பண்ணணும். அந்தப் பெரிய ஸ்பானரக் காணோம்."

தேடினேன். அரிசித் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் மறுபடி காணவில்லை. கோழிக்கூண்டின் மேல் கிடந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த ஸ்பானர் தொலைந்துகொண்டே இருந்தது. நானும் சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் தேடி எடுத்து, சித்தப்பாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இவ்வளவு மறதிக்காரரை வொர்க்ஷாப்பில் எப்படி வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.