எட்டுக் கால் முசுறு

எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மற்ற பிள்ளைகள் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தார்கள். நான் செத்த சிலந்திகளைச் சேர்த்தேன். ஏழாம் வகுப்பில் எனக்குச் சிநேகிதிகள் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

விருதுநகரில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என் சிலந்திகள்தாம் போயின. எந்தச் சிலந்தி எதற்குச் சொந்தம் என்று காட்டும் வம்ச மரம் அது. அட்டையில் கிளைகள் வரைந்து, கிளைக்குக் கிளை தீப்பெட்டிகளை ஒட்டியிருந்தேன். முதலில் நிறத்தை வைத்துத்தான் பிரித்தேன். கறுப்பெல்லாம் ஒரு வீடு, சிவப்பெல்லாம் ஒரு வீடு. அப்பாவின் லென்ஸ் கைக்கு வந்த அன்று அந்தச் சொந்தபந்தமெல்லாம் கலைந்தது.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். காலண்டர் தாளில் நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ் அது. அதில் பார்த்தால் சிலந்திக்கு முகமே இருந்தது! எட்டுக் கண்கள். சுவரில் தாவித் தாவி ஈ பிடிக்கிற சிலந்திக்கு முன்வரிசையில் நடுக்கண் இரண்டும் முண்டக்கண். புங்கமரத்தில் முசுறு எறும்புக் கூட்டத்தோடு கிடைத்த ஒரு சிவப்புப் பூச்சிக்கும் அதே முண்டக்கண். காலை எண்ணினேன். எட்டு. இடுப்பை ஒடுக்கி, எறும்பு வேஷம் போட்டுத் திரிந்திருக்கிறது கள்ளப்பயல். அதைத் தாவும் சிலந்தியின் கிளைக்கே மாற்றினேன்.

கண்காட்சி அன்று காலை அப்பா லென்ஸை என் பையில் போட்டார்.

“காலண்டர் சீசன் நேரத்துல இத எதுக்குக் குடுக்கீக?” என்றாள் அம்மா.

“நடுவரு நம்பலைன்னா பாப்பா எத வச்சுக் காட்டும்? ஒரு நாளுதான, நான் கண்ணாலயே பாத்துக்கிடுறேன்” என்றார் அப்பா.

அவர் சொன்னபடியே ஆனது. என் மரத்தின் முன் நின்ற நடுவர், “எறும்ப ஏம்மா சிலந்தியோட சேத்த? எடுத்துரு, இல்லேன்னா பரிசு கிடையாது” என்றார். எங்கள் டீச்சரும் எடுத்துவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். ஆனால் வாய் எனக்கு அம்மா வழி.

“காலை எண்ணிட்டுச் சொல்லுங்க சார். அப்புறம் கண்ணையும் பாருங்க” என்று லென்ஸை நீட்டினேன்.

அவர் குனிந்தார். குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. பக்கத்துப் பெட்டியில் இருந்த தாவும் சிலந்தியையும் பார்த்தார். “ஆமா, ரெண்டும் ஒரே வகையறாதான்” என்று சிரித்து, என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். முதல் பரிசு எனக்குத்தான். சிவகாசி வரும்வரை பஸ்ஸில் கோப்பையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன். ஊர் பார்க்க வேண்டாமா? வீட்டுக்கு வந்த அப்பா, கோப்பையில் செதுக்கியிருந்த எழுத்தை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று என்னைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது, அப்பாவின் அச்சகத்தில் கழிவென்று தள்ளிய காலண்டர். குத்துவிளக்குப் படம். லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுடர் ஓரிடத்தில், அதன் சிவப்பு வேறோர் இடத்தில்.

“எந்தக் கண்ணு தெரியாத ஆளுப்பா இத ஓட்டுனது?” என்று சிரித்தேன்.

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிலந்தியின் எட்டுக் கண்ணையும் எண்ணத் தெரிந்த எனக்கு, அது எந்த நாளில் மெஷினில் ஓடியது என்று கேட்கத் தெரியவில்லை.