உட்கார்ந்தே தூங்கிய சேகர்

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. நான் வேலை பார்க்கும் பெயின்ட் கடையிலும் அப்படித்தான். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு, அட்டையை விரித்துப் படுத்துவிடுவோம்.

போன மாதம் ஒரு வாரமாக சேகர் மட்டும் படுக்கவில்லை. முதலியார்பேட்டைக்காரர். அங்கே வேலை பார்த்த துணி மில் மூடிய பிறகு எங்கள் கடைக்கு வந்தவர். பெயின்ட் டிரம் தூக்குகிற வேலை. அந்த டிரம்மிலேயே முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடி தூங்கினார்.

"இன்னா சேகரு, பஸ்ல போற நெனப்பா? டிக்கெட் எடுத்துட்டியா?" என்றார் பில் போடும் குமார்.

"கேஸுப்பா. படுத்தா நெஞ்சுக்கு ஏறுது."

உடனே எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டோம். சோடா, இஞ்சி மரப்பா, ஓமத்தண்ணி... எல்லாம் உள்ளே போனது. மறுநாளும் டிரம்மில்தான் சாய்ந்தார்.

எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. செருப்பைக் கழற்றிய பிறகும் அவர் காலில் வார் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு எழுத வருகிற அளவுக்குப் பேச வராது.

சனிக்கிழமை மதியம் சேகர் திடுக்கிட்டு விழித்தார். முகமெல்லாம் வேர்வை. பேச முடியாமல், ஷட்டரைத் தூக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். காற்று வேண்டுமாம்!

கொஞ்சம் தணிந்ததும் என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"அண்ணே, மொதலாளிக்குத் தெரிய வேணாம். டிரம் தூக்காதவன் நமக்கு எதுக்குன்னுடுவாரு."

டாக்டரம்மா கேட்டார்: "என்ன செய்யுது?"

"கேஸ் மேடம்."

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

சீட்டில் பேனா ஓட ஆரம்பித்தது. இப்போது பேசாவிட்டால் எப்போது பேசுவது?

"மேடம்... படுத்தா மூச்சு முட்டுது இவருக்கு. ஒரு வாரமா உக்காந்துதான் தூங்குறாரு. காலும் வீங்கியிருக்கு."

பேனா நின்றது. சேகர் என்னை முறைத்தார்.

உடனே ஈசிஜி. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் அட்மிஷன். இதயம் ரத்தத்தைப் பம்ப் செய்யும் பலம் குறைந்து, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. படுத்தால் அது இன்னும் அதிகமாகுமாம். உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் லேசாகுமாம்.

எல்லோருக்கும் இதயக் கோளாறுதான் என்று பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆஸ்துமா, புகை பிடித்துக் கெட்ட நுரையீரல், அதிக எடை, மனப்பதற்றம்... ஏன், வயிற்றிலிருந்து மேலே ஏறும் அமிலமாகக்கூட இருக்கலாம்.

"ஆனா எதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துதான் சொல்லணும். சோடா கடையில சொல்ல முடியாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சோடா வாங்கிக் கொடுத்தது நான்தான்.

சேகர் இப்போது வேலைக்கு வந்துவிட்டார். கனம் தூக்கக் கூடாது. முதலாளி அவரைக் கலர் கலக்கும் மெஷினில் உட்காரவைத்திருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துட்டீங்களே அண்ணே" என்று ஆரம்பித்துவிடுகிறார். கால் மணி நேரம், நிறுத்தாமல்!

திட்டுவதற்கு மூச்சு இருக்கிறதே... எனக்கு அது போதும்.