கண்டக்டரும் ஈரச் சுவரும்

"உள்ள போ, உள்ள போ. முன்னாடி அவ்வளவு எடம் கெடக்கு, வாசல்லயே தொங்கினா எப்படி?" என்று ஒரு கல்லை அதட்டிக்கொண்டிருக்கிறார் கண்டக்டர். உள்ளங்கை அகலச் சில்லுக்கல் அது. சுவரின் இடுக்குக்குள் புக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. சுத்தியலின் பிடியால் செல்லமாக இரண்டு தட்டு தட்டுகிறார். கல் நகர்ந்து உட்கார்ந்ததும், "ரைட்" என்கிறார். பஸ் அவர் ஓய்வு பெற்ற அன்றே போய்விட்டது. ரைட் மட்டும் இன்னும் வாயை விட்டு இறங்கவில்லை.

ஊர்க்கோடியில் இருக்கும் அந்தக் கல்வீட்டைக் கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கனத்த சுவர்கள், சின்ன ஜன்னல்கள், குனிந்து நுழைய வேண்டிய வாசல். கண்டக்டரோ நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். தினமும் காலையில் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்கிறார். இடித்து முடித்த பிறகு, "பாத்து, பாத்து" என்று தனக்குத்தானே எச்சரிக்கை செய்துகொள்கிறார்.

வேலைக்காலம் முழுக்க அடுத்தவர்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பி வைத்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும் என்று ஆசை இருக்காதா? ஓய்வு பெற்ற கையோடு இந்த வீட்டை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், உள்ளேயும் வெளியேயும் கல்லிடுக்கு ஒன்று விடாமல் சிமென்ட் வைத்து அடைத்தது. "பழைய வீடாச்சே, கெட்டியா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்பார். கெட்டியாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் சுவருக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் அறைக்குள் கசிந்தது. துணிமணியெல்லாம் பூஞ்சை. அவர் மனைவிக்கு இளைப்பு வந்தது. படுத்தால் மூச்சு விசிலடிக்கும் என்று உட்கார்ந்தே தூங்கினார். மகள் வந்து பார்த்தாள். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவின் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள், அவ்வளவுதான்.

"சுவரு காயட்டும், நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்று கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார் கண்டக்டர்.

அடுத்த தெருக் கொத்தனார் வந்து சுவரை நகத்தால் சுரண்டினார். "சார், இது சுண்ணாம்பு வச்சுக் கட்டின வீடு. சுண்ணாம்பு ஈரத்த வாங்கி வெளிய விட்டுடும். நீங்க சிமென்ட்டப் போட்டு வாயை அடைச்சிட்டீங்க."

"அதையெல்லாம் எடுத்துட்டா?"

"மெஷின் வச்சா கல்லு ஒடஞ்சிடும். உளியாலதான் எடுக்கணும். அது என்னால ஆகிற வேல இல்ல. பொறுமை இருந்தா நீங்க எடுங்க."

அன்று கையில் உளியை எடுத்தவர்தான். தான் அடைத்த சிமென்ட்டைத் தானே, கடலை மிட்டாய் அளவுத் துண்டுகளாகப் பெயர்த்து எடுத்தார். பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நீற்றினார். கொதித்துச் சீறும்போது, "நெருக்காதீங்க, எல்லாருக்கும் சீட் இருக்கு" என்று சமாதானம் சொன்னார். மணலோடு குழைத்து இடுக்குகளில் திணித்தார். சுண்ணாம்பு அவசரப்பட்டுக் காய்ந்தால் உதிர்ந்துவிடும். அதனால் திணித்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டு, நாள் தவறாமல் நனைத்து வந்தார்.

"சுவரு காயணும்னுதான் நான் இங்க வந்து கெடக்கேன். நீங்க என்னடான்னா தெனமும் தண்ணி ஊத்துறீங்க!" என்றார் மனைவி போனில்.

"ஊத்தினாதாம்மா ஒழுங்கா காயும்."

"நல்ல கூத்து."

அந்தச் சாயங்கால போன்தான் அவருக்கு அன்றாடச் சாப்பாடு மாதிரி. மற்றபடி சாப்பாடு என்பது பாத்திரத்திலிருந்து நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வது. "இங்கயே வந்து இருங்கப்பா" என்று மகள் கூப்பிடாமல் இல்லை. "வீட்டப் பாதியில விட்டுட்டு எப்படிம்மா?" என்று தட்டிக்கழித்துவிடுகிறார். தான் கெடுத்ததைத் தானே சரி செய்யாமல் மகள் வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்குக் கூச்சம். ஆனால் கல்லோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? பொழுது சாயும்போது முகம் கழுவிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போகிறார். வண்டி வந்து நிற்கிறது. "ஏறுங்கண்ணே" என்கிறான் இப்போதைய கண்டக்டர். "இல்லப்பா, சும்மாதான்." இறங்குகிறவர்களைப் பார்த்து, "பாத்து எறங்குங்க" என்கிறார். யாராவது தலையை ஆட்டிவிட்டுப் போனால் மனசு கொஞ்சம் லேசாகிறது. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மறுபடி கனத்துவிடுகிறது.

இந்த வருஷத்து மழை வந்தது. விடாமல், ஊரே ஊறிப்போகும் அளவுக்குப் பெய்தது. சுவர் வேலை முடிந்து, சாக்குகளை எல்லாம் எப்போதோ மடித்து வைத்துவிட்டிருந்தார். மழை ஓய்ந்த அன்று படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கன்னத்தை வைத்தார். நம்பிக்கை வராமல் சட்டையைக் கழற்றிவிட்டு வெற்று முதுகைச் சாய்த்துப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. காலி வீட்டில் தன்னந்தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்புறம் மனைவி படுக்கிற பக்கத்தைக் கூட்டி, துடைத்து, பாயை உதறிப் போட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. பேத்தி பின்னாலிருந்து கூச்சல் போட, மனைவி சிரித்துக்கொண்டே பேசினார். குட்டி பாட்டி மடியை விட்டு இறங்காததை, தனக்குத் தலைவாரிவிடக் கண்ணாடி முன் உட்கார வைப்பதை, நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னார். கண்டக்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மூச்சில் விசில் இல்லை. சிரிப்பில் அப்படி ஒரு தெளிவு. அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கு நினைவு வரவில்லை.

"அங்க நல்ல மழையாமே" என்றார் மனைவி. சிரிப்பு நின்றிருந்தது. "சுவரு காஞ்சிருந்தா சொல்லுங்க. வந்துடறேன்."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். டிப்போ மாற்றல் வந்த ஒவ்வொரு முறையும், "சரி, சாமானக் கட்டிடறேன்" என்று சொன்ன குரல். வா என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கே வந்து நிற்பாள். பேத்தி மறுபடி ஏதோ கேட்டுப் பாட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் ஈரம் போகலம்மா" என்றார். "இந்த மழக்காலம் போகட்டும்."

"அப்படியா?" என்றார் மனைவி. ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி, வேளைக்குச் சாப்பிடுங்க."

போனை வைத்தார். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து, காய்ந்து கிடந்த அந்தச் சுவரின் மேல் மெல்ல ஊற்றினார்.