திறப்பு கடையில் இருக்கு

பாலத்தடி மதிலில் ஊர்க்கதைகளை எழுதுகிறோம், உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு வரி தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். இன்று போனபோது மதிலில் புதுச் சுண்ணாம்பு மணத்தது. பாலம் வருவதற்கு முன் இதே இடத்தில் நின்ற படகுத்துறைக் கொட்டகையின் மணம் அது.

வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து படகு வரும்வரை, கண்ணா மரவேர்களில் வாவித்தண்ணீர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி, அந்தக் கொட்டகைச் சுவரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்திருக்கு, மாமிக்குச் சுகம், மாடு பிடிபட்டுவிட்டது என்று, படகில் வரப்போகிறவர்களுக்காக அடுப்புக்கரியால் எழுதிவைத்த சேதிகள். யாருக்கு எழுதியதோ அவர் வந்து வாசித்து, உள்ளங்கையால் அழித்துவிட்டுப் போவார். மற்றவர்கள் தொடமாட்டார்கள்.

சண்டைக்குப் பயந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, அக்கரைக்கு வேலைக்குப் போயிருந்த அண்ணனுக்கு அம்மாவும் எழுதினார்: "மகன், நாங்க களுவாஞ்சிக்குடிக்குப் போறம். திறப்பு கடையில இருக்கு."

நாங்கள் திரும்பி வந்தபோதும் அது இருந்தது. வருடாவருடம் சுண்ணாம்பு அடித்தவர்கள் அந்த வரியை விட்டுவிட்டுச் சுற்றி அடித்தார்கள், கொட்டகையை இடிக்கும்வரை. நான் அதை வாசிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

அந்த வரியைத்தான் கொடுத்தேன். கரியாலேயே எழுதச் சொன்னேன். எழுதி முடித்த ஓவியர் ஏணியிலிருந்து இறங்கினார்.

"அக்கா, மேல வார்னிஷ் விசிறினா ஒருத்தராலயும் அழிக்கேலாது. விசிறவா?"

"வேணாம் தம்பி," என்றேன். "அத அண்ணன் அழிக்கணும்."