எஸ்தர் வாங்கிய எண்ணூற்றைம்பது வாட்

எஸ்தரின் கணவர் விடியலில் அழைத்தார். எஸ்தர் போய்விட்டாள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, "சரிங்க, அப்புறம் பேசறேன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலச் சொல்லி வைத்துவிட்டேன். பல் துலக்கினேன். பிறகுதான் மறுபடி அவரை அழைத்து, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

சேலையூரில் நாங்கள் இருவரும் நடத்திய எடிட்டிங் ஸ்டூடியோ, அவள் நினைவுக்காகக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலருடைய கல்யாணமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் வீடியோவாக எஸ்தரின் கையால் வெட்டி ஒட்டப்பட்டவை. ஆல்பமும் வாடிக்கையாளரும் என் பொறுப்பு.

எஸ்தருக்குச் சிகிச்சை தொடங்கிய சமயத்தில்தான் கம்ப்யூட்டருக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டாள். அதன்பின் வெட்டி முடித்த வீடியோவை ஏற்றுமதிக்கு, அதாவது முழுப் படமாக மாற்றி எடுக்க, போட்டாலே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. ரேமைச் சந்தேகப்பட்டோம், விண்டோஸைத் திட்டினோம், யூபிஎஸ்ஸை மாற்றினோம். கடைசியில் குற்றவாளி எஸ்எம்பிஎஸ் என்று தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் அந்தப் பெட்டி, கேபினெட்டோடு இலவசமாக வந்தது. புதிய கார்டின் பசிக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

எவ்வளவு வாட் வாங்குவது? தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர், "யக்கா, ஐந்நூத்தம்பது போதும்க்கா. அல்லாரும் இதான் வாங்கிகினு போறாங்கோ" என்றார். பக்கத்துக் கடையில் எண்ணூற்றைம்பதுக்குக் குறைந்தால் கார்டே போய்விடும் என்றார்கள். கார்டு கம்பெனியின் இணையதளம் அறுநூற்றைம்பது என்றது.

"மூணு பேரும் மூணு சொன்னா, மூணு பேருக்கும் தெரியலன்னுதான்டி அர்த்தம்" என்றாள் எஸ்தர்.

"எண்ணூத்தம்பது மட்டும் வேணாம். கரண்ட் பில் அடுத்த ஸ்லாப்புக்குப் போயிடும்."

"லூசு, பெரிய குடம் வாங்கினா நீ நிறைய தண்ணி குடிப்பியா? வேணுங்கறதைத்தான் அது இழுக்கும்."

ஆஸ்பத்திரியில் அவள் முறைக்காகக் காத்திருந்தபோது, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்று கூட்டிப் பார்த்தோம். நானூறைத் தாண்டவில்லை. "முட்ட முட்ட வாங்கக் கூடாது. கொஞ்சம் இடம் விடணும்" என்றாள். அறுநூற்றைம்பது என்று முடிவானது.

அவளிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் செய்தி, "ஆர்டர் போட்டுட்டேன். திட்டாத." எதற்குத் திட்டப்போகிறேன் என்று அப்போது புரியவில்லை. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு பார்சல் வந்தது. உள்ளே எண்ணூற்றைம்பது வாட்.

"மாத்திரை மயக்கத்துல தப்பா அமுக்கியிருப்பாக்கா. திருப்பி அனுப்பிடலாம்" என்றான் அவள் தம்பி.

"தெரியாம எதையும் வாங்கமாட்டா. தெரிஞ்சு வாங்கினா நம்மகிட்ட சொல்லமாட்டா" என்றார் அவள் கணவர்.

எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது. இன்னும் பெரிய கார்டு போட்டு, குறும்படங்களுக்கு நிறம் திருத்தும் வேலை எடுக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. "இருக்கறது போதும்" என்று தடுத்தவள் நான். அந்த ஆசைக்கு எண்ணூற்றைம்பது வேண்டும்தான். ஆனால் தான் இருக்கப்போவதில்லை என்று டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு யாருக்காக வாங்கினாள்? எனக்கு எடிட்டிங் பாதிதான் வரும். கம்ப்யூட்டரை விற்றுவிட்டு ஸ்டூடியோவை மூடுவது என்று மனதுக்குள் தீர்மானித்தும் இருந்தேன். அதை மோப்பம் பிடித்துவிட்டாளா? அல்லது வெறும் கைத்தவறா? திருப்பி அனுப்பினால் மூடுவது உறுதியாகிவிடும். திருப்பி அனுப்புவதற்கான கெடு நெருங்க நெருங்க எனக்குக் குழப்பம்தான் கூடியது.

முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. மேடவாக்கத்துக் கல்யாண வீடியோ ஒன்று, எஸ்தர் வெட்டி முடித்தும் ஏற்றுமதி ஆகாமல் அரைகுறையாக நின்றிருந்தது. பெண்ணின் அம்மா தினமும் அழைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் புதிய பெட்டியை மாட்டி, ஏற்றுமதிக்குப் போட்டுவிட்டு, இப்போது அணையும் இப்போது அணையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அணையவில்லை. தாலி கட்டும் இடத்தில் நாதஸ்வரத்தை எஸ்தர் ஒரு நொடி முன்னதாகவே கொண்டுவந்திருந்தாள்.

வாங்கிப்போக வந்த அந்த அம்மா, "சின்னவளுக்கும் வரன் அமைஞ்சிடுச்சு. நீங்கதானே பண்ணித் தருவீங்க?" என்று கேட்டார். "பண்றேன்மா" என்றேன். சொன்ன பிறகு பயந்தேன்.

அவள் செய்தது பிழையா ஏற்பாடா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்களில் யாரிடமாவது சொல்லியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் தேவைக்கு மேல் அவள் விட்டுப்போன அந்த இடத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். அதில் எதைப் போடப்போகிறேன் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.